மிச்சம் வைத்த மூச்சு

காலை ஐந்து மணிக்கு மின்சாரம் வந்தது.

தெருவில் யாரோ கரண்டு வந்துவிட்டது என்று பர்மியில், "மீ லா பி" என்று கத்தினார்கள். மாடிக்கு மாடி தண்ணீர் மோட்டார்கள் உறுமின. கலா எழுந்து மோட்டாரைப் போட்டாள். அரிசியைக் கழுவிக் குக்கரில் வைத்தாள். போனைச் சார்ஜில் போட்டாள். கிண்ணத்துத் தண்ணீரிலிருந்து பல் செட்டை எடுத்துத் தேய்த்தாள். மின்சாரம் மறுபடி போவதற்குள் எல்லாம் முடிய வேண்டும்.

கீழே ஜாபரின் டீக்கடையில் டிவி ஓடியது. ஒரு இளைஞன் பாடிக்கொண்டிருந்தான். அவள் காதில் வாங்கவில்லை. குரல் நின்றது. மௌத் ஆர்கன் தொடங்கியது.

தேய்ப்பதை நிறுத்தினாள்.

தெரியாத மெட்டு. ஆனால் வாசிப்பது அவளேதான்.

அதில் சந்தேகமில்லை. மேலே போகும் முன் மூக்கால் ஒரு சின்ன இழுப்பு. ஸ்வரத்தைக் கீழிருந்து வளைத்துத் தூக்கும் விதம். உச்சியில் காற்று ஒழுகியது. மெல்லிய சீறல். மேல் வரிசைப் பற்களைப் பிடுங்கிவிட்டு, செட் கட்டுவதற்காக ஈறு ஆறக் காத்திருந்த மாதங்களில் அந்தச் சீறல் இருந்தது. அப்போது மகன் கார்த்திகேசன் பள்ளிக்கூடத்தில் படித்தான். செட் வந்த பிறகு சீறல் போய்விட்டது.

இந்த மெட்டை அவள் வாசித்ததே இல்லை.

பல் செட்டை மாட்டிக்கொண்டு இறங்கினாள். படிக்கட்டில் யாரோ வெற்றிலைச் சாற்றைப் புதிதாகத் துப்பியிருந்தார்கள். இடுப்பில் சுற்றிய தமேய்னைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தாண்டினாள்.

டிவியில் பச்சைச் சீருடை போட்ட பையன்கள் லாரியில் ஏறினார்கள். தாய்மார்கள் கையசைத்தார்கள். ஒருத்தி மகனின் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். மௌத் ஆர்கன் அந்த இடத்தில் திரும்பவும் வந்தது. தாய் அனுப்பிவைக்கிறாள், நாடு காத்திருக்கிறது என்று இளைஞன் பாடினான். கடைசியில் பெயர்கள் ஓடின. பாடியவர். எழுதியவர். மௌத் ஆர்கன்: டா கேத்தி.

கேத்தி அவளுடைய அடையாள அட்டைப் பெயர்; டா என்பது பர்மிய மரியாதைச் சொல். வீட்டிலும் கோயிலிலும் டீக்கடையிலும் அவள் கலா.

கடையில் பேச்சு நின்றிருந்தது.

"ஒங்க பேருதானே கலாம்மா அது?" என்றார் ஜாபர். டிவியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"பேரு என்னுது."

"வாசிப்பு?"

அவள் வாயைத் திறப்பதற்குள் மூலை மேஜையிலிருந்து முத்து முகம்மது சொன்னார். "பட்டாளத்துக்கு வாசிச்சாச்சு, இனிமே கலாம்மா வீட்ல கரண்டு போவாது. நாம எல்லாம் அவுங்க வீட்லயே போன சார்ஜ் போட்டுக்கலாம்."

சிலர் சிரித்தார்கள். சிரிக்காதவர்கள் டீயை முடித்துக்கொண்டு எழுந்தார்கள். அவர்கள் எழுந்ததுதான் அவளுக்கு உறைத்தது.

"நான் வாசிக்கல" என்றாள்.

"சரி, சரி" என்றார் ஜாபர். "எல்லாருக்கும் வவுறு இருக்குல்ல. டீ போடவா?"

அவர் குரலில் கோபம் இல்லை. மன்னித்துவிட்டிருந்தார். டீ வேண்டாம் என்று கையசைத்துவிட்டுப் படியேறினாள்.

நாற்பது வருடமாக வாசிக்கிறாள். யாங்கூன் ஸ்டூடியோக்களில் மௌத் ஆர்கன் என்றால் அவள்தான். இன்னொருவர் இருந்தார். குடித்துச் செத்துப்போனார். எத்தனை பாட்டு என்று அவள் கணக்கு வைக்கவில்லை. கல்யாணம் ஆன மறுவாரம் வாசித்தாள். வயிற்றில் பிள்ளையோடு வாசித்தாள். புருஷனை எரித்த மாதத்திலும் வாசித்தாள்.

வேலை இப்படி. வெளிநாட்டுப் பாட்டு ஒன்றைப் போட்டுக் காட்டுவார்கள். அதை அப்படியே வாசிக்க வேண்டும். பர்மிய வார்த்தைகள் பிறகு வரும். அவை வரும்போது வாத்தியக்காரர்கள் வீட்டுக்குப் போயிருப்பார்கள். தான் வாசித்தது காதல் பாட்டா, டின் பால் விளம்பரமா என்பதை அவள் பஸ்ஸில்தான் தெரிந்துகொள்வாள். ஒருமுறை கியாக்தான் பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவள் அவளுடைய வாசிப்பைக் கேட்டு அழுதாள். மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதாள். அதை வாசித்தபோது கலா மீன் விலையை நினைத்துக்கொண்டிருந்தாள். அன்று இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கிவிட்டாள்.

கேசட் அட்டையில் அவள் பெயர் வந்ததில்லை. அவள் கேட்டதும் இல்லை. அது எச்சில் வாத்தியம். கிடாரை இரவல் கேட்பார்கள், கீபோர்டை இரவல் கேட்பார்கள். மௌத் ஆர்கனை யாரும் தொட மாட்டார்கள். வாசித்து முடித்து அதைத் தொடையில் தட்டி எச்சிலை உதறும்போது எல்லோரும் வேறு பக்கம் பார்ப்பார்கள். அவளுக்கும் அதைப் பார்க்கப் பிடிக்காது.

ஒரே ஒரு பழக்கம் வைத்திருந்தாள். டேக் ஓகே ஆனதும் உதட்டைத் துடைத்துக்கொண்டு, "இன்னொண்ணு வச்சுக்கோ" என்பாள். இந்த முறை மெட்டை விட்டுவிடுவாள். தன் இஷ்டத்துக்கு வாசிப்பாள். யாரும் கேட்காதது, எந்தப் பாட்டுக்கும் வேண்டாதது. அதை மட்டுமே அவள் தன் வாசிப்பு என்று நினைத்தாள். டேப் காலத்தில் அதன்மேல் வேறு எதையாவது பதிந்து அழித்துவிடுவார்கள். கம்ப்யூட்டர் வந்த பிறகு யாரும் எதையும் அழிப்பதில்லை. அவளுக்கு அது தோன்றவில்லை.

போன மாதம் ஸ்டூடியோ வைத்திருக்கும் யாசர் போன் செய்திருந்தான்.

"ஒரு பாட்டு இருக்குக்கா. பெரிய எடம்."

"ஒடம்பு சரியில்ல."

இந்த ஊரில் இப்போது பட்டாளத்து வேலையை மறுப்பதற்கு அதுதான் வழி. பாடகர்களுக்குத் தொண்டை சரியில்லை. நடிகர்களுக்கு முதுகு சரியில்லை. "ஒடம்பப் பாத்துக்குங்க" என்றான் யாசர். இருவருக்கும் புரிந்தது. விஷயம் முடிந்தது என்று நினைத்தாள்.

மேலே வந்து போனைப் பார்த்தாள். கார்த்திகேசன் இரவே அனுப்பியிருந்தான். அந்தப் பாட்டின் லிங்க். கூட ஒரு வார்த்தை இல்லை.

போன வருடம் வார்டு குலுக்கலில் அவன் பெயர் வந்தது. பட்டாளத்துக்குக் கட்டாயமாக ஆள் எடுக்கும் குலுக்கல். அந்த வாரமே எல்லை தாண்டி, தாய்லாந்துப் பக்கம் மே சோட்டுக்குப் போய்விட்டான். இப்போது ஒரு மெக்கானிக் கடையில் வேலை செய்கிறான். யாங்கூன் பையன்கள் சிலரோடு ஒரே அறை. அவர்களில் ஒருவனின் அண்ணன் லாரியில் ஏறிப் போனவன். திரும்பவில்லை.

கூப்பிட்டாள். மணி அடித்தது. அது தானாக ஓய்வதற்குள் அவன் துண்டித்தான்.

மறுபடி கூப்பிட்டாள். துண்டித்தான்.

கதவு தட்டப்பட்டது. வார்டு அலுவலக ஆள். சிரித்துக்கொண்டு நின்றான். கையில் பிளாஸ்டிக் பை. ஆரஞ்சுப் பழமும் காப்பி மிக்ஸ் பாக்கெட்டும்.

"தலைவர் கொடுக்கச் சொன்னார்" என்றான் பர்மியில். "டா கேத்தியால் நம் வார்டுக்கே பெருமை."

குலுக்கல் அன்று பெட்டிக்குள் கையை விட்டவன் இவன்தான். விரல் இடுக்கில் அன்றும் இதே போல வெற்றிலைச் சுண்ணாம்பு அப்பியிருந்தது.

"மகன் எங்கே இருக்கிறான்?"

"தாய்லாந்தில் வேலை."

"நல்லது, நல்லது."

பையை வாங்காமல் இருக்க முடியாது. வாங்கினாள். அவன் போனதும் வாசலில் குப்பைக் கூடை அருகே வைத்தாள். எதிர்வீட்டுக் கதவு லேசாகத் திறந்து மூடியது. பையைத் திரும்ப உள்ளே எடுத்தாள். சமையலறையில் வைக்க மனம் வரவில்லை. கக்கூஸில், வாளிக்குப் பின்னால் வைத்தாள். சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள். ஆரஞ்சுத் தோலின் வாசனை போகவில்லை.

யாசரின் ஸ்டூடியோ தாமுவேயில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் உச்சியில் இருந்தது. சுவரெல்லாம் முட்டை அட்டை. பால்கனியில் ஜெனரேட்டர். மைக்கைச் சுற்றிய பஞ்சில் பல வாய்களின் வாடை. இத்தனை வருடமாக அந்த வாடைக்கு நேரே மூக்கை வைத்துத்தான் அவள் வாசித்தாள்.

யாசர் எழுந்து நின்றான். "வாங்கக்கா. வருவீங்கன்னு தெரியும்."

"என் வாசிப்புல எத வெட்டுன?"

அவன் மறுக்கவில்லை. "பழைய டிஸ்க்குல இருந்துச்சு. நீங்க வச்சுக்கோன்னு குடுத்தது. நாலஞ்சு எடத்துலேர்ந்து எடுத்து ஒட்டுனது."

"பல்லு இல்லாதப்ப வாசிச்சது."

"ஆமா. அந்தச் சீறல எடுத்துரலாம்னு பாத்தேன். பட்டாளத்துக்காரங்க வேணாம்னுட்டாங்க. அம்மா அழுவுற மாதிரி இருக்காம்."

வாயில் எச்சில் ஊறியது. விழுங்கினாள்.

"என்கிட்ட கேட்டியா?"

"கேட்டேன். ஒடம்பு சரியில்லன்னீங்க."

"அதுக்கு என்ன அர்த்தம்னு ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"என் எச்சில எடுத்து ஊருக்கெல்லாம் பரிமாறிட்டு நிக்கிற."

"அக்கா..."

"பேரு? அத ஏன்டா போட்ட?"

"நான் போடலக்கா. யாரு வாசிச்சதுன்னு கேட்டாங்க. இப்ப அவுங்களுக்குப் பேருதான் வேணும். பாட, வாசிக்க வர்றவன் எல்லாம் பேரு மட்டும் போட்றாதீங்கன்னு கையெடுத்துக் கும்புடுறானாம். நான் சொல்லிட்டேன்."

"நாப்பது வருசமா ஒருத்தன் போட்டதில்ல."

"அதான் நானும்..."

"அதான் நீயும்? நான் பாத்து சந்தோசப்படுவேன்னு நெனச்சியா?"

யாசர் மேஜையைத் துடைக்க ஆரம்பித்தான். மேஜை சுத்தமாகத்தான் இருந்தது.

"அந்தப் பழச போடு" என்றாள்.

போட்டான். முதலில் மூக்கு இழுப்பு. பிறகு ஒரு நீண்ட ஸ்வரம், அவசரமில்லாமல். கீழே இறங்கி, நின்று, யோசித்து, மறுபடி ஏறியது. உச்சியில் சீறல். எந்தப் பாட்டுக்குப் பிறகு வாசித்தது என்று நினைவில்லை. ஈறு வலித்தது மட்டும் நினைவிருந்தது. பின்னணி எதுவும் இல்லாமல் தனியாகக் கேட்டது. நன்றாக இருந்தது. அவள் வாசித்ததிலேயே நன்றாக இருந்தது. அதைப் போய் லாரி ஏறும் பையன்களுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறார்கள். நன்றாக இல்லாமல் இருந்திருக்கலாம்.

"இத என் போனுக்கு அனுப்பு. தேதியும் தெரியற மாதிரி. மவனுக்கு அனுப்பணும்."

"அனுப்புனா?"

"நம்புவான்."

"நம்பிட்டுச் சும்மா இருப்பானா? அவன் கூட இருக்குற பசங்க ஃபேஸ்புக்குல போடுவாங்க. பாட்டே ஒட்டுப் போட்டதுன்னு ஊரே சிரிக்கும். மறுநா காலைல அவுங்க இங்க நிப்பாங்க. எங்களையே ஏமாத்துனியான்னு கேப்பாங்க."

"கேக்கட்டும். ஏமாத்துனவன்தானே நீ."

யாசர் அவளைப் பார்க்கவில்லை. கண்ணாடித் தடுப்பைப் பார்த்து, "மாஹிர்" என்று கூப்பிட்டான்.

அவன் மகன் வந்தான். பத்தொன்பது வயது இருக்கும். கையில் மொஹிங்கா கிண்ணம். மீன் குழம்பின் ஆவி அறைக்குள் பரவியது. கிண்ணத்தை வைத்துவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டு தலை குனிந்து, "நலமா, அத்தை?" என்றான் பர்மியில். கழுத்து மெலிந்திருந்தது. தொண்டைக்குழி ஏறி இறங்கியது.

"ரெண்டு மாசம் முந்தி குலுக்கல்ல இவன் பேரு வந்துச்சு" என்றான் யாசர். "இந்தப் பாட்டுக்காவத்தான் அந்தப் பேர எடுத்துட்டாங்க. பாட்டு நெலச்சு நிக்கிற வரைக்கும் இவன் இங்க நிப்பான்."

கலா பையனைப் பார்த்தாள். பிறகு தகப்பனைப் பார்த்தாள்.

"கசாப்புக் கடைல ஆட்டக் காட்டுற மாதிரி புள்ளயக் காட்டுறியே, வெக்கமா இல்ல?"

மாஹிரின் கண்கள் தரைக்குப் போயின. அவனுக்குத் தமிழ் புரியும். பேசத்தான் வராது.

"திட்டுங்கக்கா. அடிக்கணும்னா அடிங்க. ஒங்க பையன் போயிட்டான். இவனுக்குப் போறதுக்கு வழி கெடைக்கல. ரோட்ல செக்கிங்கு. புடிச்சா நேரா பட்டாளம்தான். நான் என்ன பண்ண?"

"என்னக் கேட்டிருக்கலாம்."

"கேட்டா வாசிச்சிருப்பீங்களா?"

வாசித்திருக்க மாட்டாள். இந்தக் கழுத்தைப் பார்த்த பிறகு கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று தெரியவில்லை. அவன் அதையும் தெரிந்துதான், அந்த முடிவை அவள்மேல் வைக்காமல், கேட்காமல் விட்டானோ என்று நினைத்தாள். அந்த நினைப்பு அவளுக்கு இன்னும் அருவருப்பாக இருந்தது. அது நன்றி சொல்ல வேண்டிய விஷயம் போல இருந்தது.

"என் மவன் போன எடுக்க மாட்டேங்கிறான்டா" என்றாள்.

"எடுப்பான்க்கா. அம்மாதானே."

"எடுத்தா நான் என்ன சொல்லட்டும்?"

யாசர் கையை விரித்தான். அந்தக் கையைப் பார்க்கப் பிடிக்காமல் எழுந்தாள்.

கீழே இரும்புக் கதவைத் திறந்துவிட மாஹிர் கூட வந்தான். சாவியைப் பூட்டில் விட்டுவிட்டுத் திருப்பாமல் நின்றான்.

"நான்தான் வெட்டி ஒட்டினேன், அத்தை" என்றான் பர்மியில். "அப்பாவுக்கு அந்த மென்பொருள் வராது."

"தெரியவே இல்லை" என்றாள் அவளும் பர்மியில். "நன்றாக ஒட்டியிருக்கிறாய்."

பையன் முகத்தில் சட்டென்று ஒரு வெளிச்சம் வந்தது. உடனே அடக்கிக்கொண்டான். அப்படி ஏன் சொன்னோம் என்று பஸ் ஏறும் வரை தன்னைத் திட்டிக்கொண்டாள்.

தன் தெருவுக்குப் போக முடியவில்லை. ஜாபரின் கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். முன்னாலேயே இறங்கி க்யிம்யிண்டைங் படகுத்துறைக்கு நடந்தாள். த்வாண்டேயிலிருந்து வந்த படகிலிருந்து மண்பானைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். மீன் கூடைகளின் ஓரமாக ஒரு மரப்பெட்டியில் உட்கார்ந்தாள். வெயிலில் இறால் நாறியது. ஒருவன் கூடையைக் கழுவி அழுக்குத் தண்ணீரைக் கொட்டினான். அது ஓடி வந்து அவள் செருப்பைத் தொட்டது. காலை நகர்த்தவில்லை.

மதியம் கழிந்து போன் அடித்தது. கார்த்திகேசன்.

"அம்மா."

தமிழில் கூப்பிட்டான். அவளோடு அவன் பர்மியில்தான் பேசுவான். பின்னால் பையன்களின் பேச்சுக் கேட்டது. அவர்களுக்குப் புரியக் கூடாது என்று தமிழில் பேசுகிறான். வார்த்தைகளைத் தேடித் தேடி எடுத்தான்.

"சாப்ட்டியா?" என்றாள்.

"அது கேக்காதம்மா இப்போ."

"சரி."

"பாட்டு பாத்தேன். ரூம்ல எல்லாரும் பாத்தாங்க. ஒன் போட்டோ, நம்ம தெரு பேரு, எல்லாம் போடப் போறாங்க. ஃபேஸ்புக்ல. நான் நிறுத்தி வச்சிருக்கேன். எங்கம்மா பண்ண மாட்டாங்கன்னு சொன்னேன். சிரிக்கிறாங்க."

"நான் வாசிக்கல."

"நெசமா?"

"நெசமா."

அவன் பெருமூச்சு விட்டது கேட்டது. குரல் மாறியது. சின்னப் பையனின் குரலானது. "எனக்குத் தெரியும்மா. தெரியும். சொல்லு, எப்படி வந்துச்சு? பழசு எடுத்துட்டாங்களா? யாரு எடுத்தது? சொல்லு, இப்பவே எழுதிப் போடறேன். இவனுங்க மூஞ்சியில காட்டறேன்."

கலா ஆற்றைப் பார்த்தாள். பானைகளை வைக்கோலில் சுற்றி அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா?"

"வாசிக்கலடா. அவ்ளோதான் என்னால சொல்ல முடியும்."

"ஏன்?"

"முடியாது."

"மெரட்டுனாங்களா?"

"இல்ல."

"காசு குடுத்தாங்களா?"

"டேய்."

அங்கே யாரோ பர்மியில் ஏதோ கேட்டார்கள். ஒரு நிமிஷம் பொறு என்று அவனும் பர்மியில் சொன்னான். போனைக் கையால் பொத்தினான். எடுத்தான். மறுபடி தமிழுக்கு வந்தபோது குரல் தாழ்ந்திருந்தது.

"சின்னதுலேர்ந்து பக்கத்து ரூம்ல நீ வாசிக்கிறதக் கேட்டுத்தான் நான் தூங்குவேன். எனக்குத் தெரியாதா? வாசிக்கலேன்னா, அது யாரு மூச்சும்மா?"